காத்தாடி டவர்

கசவம்பட்டியில் போன் கம்பெனிகளின் பெயரை யாரும் சொல்வதில்லை. டவரைத்தான் சொல்வார்கள். வடக்கே நூல் மில்லை ஒட்டி நிற்பது மில்லு டவர். தெற்கே, காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகிற மேட்டுக்கு அப்பால் நிற்பது காத்தாடி டவர். "ஒனக்கு எந்த டவரு?" என்று கேட்டால் எந்த சிம் என்று அர்த்தம். மில்லு டவர் ஊர் முழுக்க எடுக்கும். அடுப்படியில் எடுக்கும், கதவைச் சாத்திய அறைக்குள்ளும் எடுக்கும். காத்தாடி டவர் மேட்டுக் காட்டில்தான் ஒழுங்காக எடுக்கும். ஊருக்குள் அதற்கு அங்கங்கே சில இடங்கள் மட்டும் உண்டு. பன்றிக்குப் பயந்து மக்காச்சோளத்துக்குக் காவல் கிடக்கிறவர்கள் அதை வைத்திருந்தார்கள்.

மார்கழி பிறந்த புதிதில் ஒரு காலையில், வேல்சாமி பக்கத்து வீட்டு மாரிச்சாமியின் போனை இரவல் வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். மாரிச்சாமியிடம் இருந்தது காத்தாடி டவர்.

வேல்சாமிக்கு அறுபது நெருங்குகிறது. ஆறு ஏக்கர் மானாவாரிக் கரிசல். அத்துடன் நீரோட்டம் பார்ப்பார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நிலத்தில் நடப்பார். அது எங்கே நிமிர்ந்து நிற்கிறதோ அங்கே போர் போடச் சொல்வார். உப்புத் தண்ணீர் வந்த இடங்களும் உண்டு. கூலி வாங்காத மனிதர் என்பதால் அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. போனையும் அன்று தேங்காயைப் போலவே ஏந்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, அறை அறையாகப் போய் நின்று பார்த்தார்.

அடுப்படியில் கானத் துவையலுக்குக் கொள்ளு வறுத்துக்கொண்டிருந்த காவியாவுக்கு மாமனாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருடைய ஒரே மகன் பாண்டிராஜின் மனைவி அவள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பாண்டிராஜுக்கு நாக்பூர்ப் பக்கம் முறுக்குக் கம்பெனியில் வேலை. தீபாவளி வியாபாரம் முடிந்தபிறகு வந்து, கார்த்திகை தீபம்வரை இருந்துவிட்டுப் போயிருந்தான். அவன் போன மறு வாரம் பாசிப்பயறுக்கு மருந்தடிக்கத் தண்ணீர் மொள்ளும்போது அவளுடைய டச் போன் மடியிலிருந்து நழுவி மருந்து டிரம்முக்குள் விழுந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தாள், அரிசிக்குள் புதைத்தும் பார்த்தாள். உயிர் வரவில்லை. இப்போது வேறு போன் வாங்க வேண்டும். அதற்காகத்தான் மாமா சிக்னல் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"மாமா, எங்க ரூம்புல அது எடுக்காது. மாரிச்சாமி அண்ணாச்சி வந்தாலே முத்தத்துல நின்னுதான் பேசுவாவ."

வேல்சாமி அவளுடைய அறைக்குள் போய் நாலு மூலையிலும் நின்றார். ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் போனை நீட்டிப் பார்த்தார்.

"ஆமாத்தா. எடுக்கல."

"மச்சிலயும் எடுக்காது."

"அதையும் பாத்துருவோம்."

மச்சிலும் எடுக்கவில்லை. கொல்லைக்கு இறங்கினார். குளியலறைக்குப் பின்னால் இல்லை. வேலிப்படலுக்கு வெளியே ஓடைப் பக்கமும் இல்லை. மாட்டுத் தொழுவுக்கும் வைக்கோல் படப்புக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் போனில் முழுக்கோடுகளும் நிமிர்ந்து நின்றன. அந்த இடத்தில்தான் வேல்சாமியின் கயிற்றுக் கட்டில் கிடக்கும். காட்டு வேலை முடிந்தால் அவர் படுப்பதும் இருப்பதும் சாக்குத் தைப்பதும் அதில்தான். கட்டிலுக்கு எதிரே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

"நல்ல வேளை மாமா, மில்லு டவரு நமக்கு இருக்கு. இல்லன்னா இங்கன வந்துல்லா நிக்கணும்" என்றாள் காவியா, துவையலை வழித்துக்கொண்டே.

அவர் போனைத் திருப்பிக் கொடுக்க மாரிச்சாமி வீட்டுக்குக் கிளம்பினார்.

கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய சந்தில் ஹிதாயத்துல்லாவின் செல்போன் கடை. மூன்று தலைமுறையாக அந்தச் சந்தில் வியாபாரம் செய்கிற குடும்பம். தாத்தா காலத்தில் குடைக்கடை, அப்பா காலத்தில் ரேடியோ ரிப்பேர். வேல்சாமி, பார்வதியம்மாள், காவியா மூவரும் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஹிதாயத்துல்லா ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க அண்ணாச்சி. எங்க வீட்டு போர்ல இன்னும் தண்ணி வத்தல, பாத்துக்கிடுங்க. ஒங்க கை ராசி. சொல்லுங்க, யாருக்கு போனு?"

"மருமவளுக்கு."

அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூன்று டச் போன்களை எடுத்து வரிசையாக வைத்தார். காவியா நடுவில் இருந்த நீல நிறத்தின்மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை, விரலை மட்டும் வைத்தாள்.

"பட்டன் போனு எடும் பாய்" என்றார் வேல்சாமி.

காவியா நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, அவிய வீடியோவுல வருவாவ. இதுல மூஞ்சி தெரியாதே."

பார்வதியம்மாள் சிரித்தாள். "கட்டிக்கிட்டவன் மூஞ்சி மறந்துபோவுமாட்டி? கல்யாண ஆல்பத்த எடுத்துப் பாரு, வேணும்ங்கிற மட்டும் பாரு."

ஹிதாயத்துல்லாவும் சிரித்தார், வாடிக்கையாளர் சிரித்தால் கடைக்காரர் சிரிக்கிற சிரிப்பு. பட்டன் போன் ஒன்றை எடுத்து வைத்தார். "சிம்மு பழசு இருக்குல்லா? அதையே போட்டுருவோம்."

"நம்பரு அதே இருக்கட்டும். டவர மாத்தணும். காத்தாடி டவரு போடும்."

காவியா மறு கையால் கைப்பைக்குள் பேப்பரில் மடித்து வைத்திருந்த சிம்மை எடுத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, நான் கடைக்காரன், எத வித்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஆனா ஒங்ககிட்ட மறைச்சுச் சொல்லமாட்டேன். அது ஒங்க ஊருக்குள்ள எடுக்காது."

"தெரியும்."

"வீட்டுக்குள்ள சுத்தமா எடுக்காதுங்கேன்."

"எடுக்கணும்னு நான் கேட்டனா?"

ஹிதாயத்துல்லா மெதுவாகக் காவியாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. பேசப்போறவ நீதானே."

வேல்சாமி முந்திக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை, நீரோட்டம் சொல்கிற அதே நிதானம்.

"பாய், எந் தங்கச்சி வீட்டுக் கதை ஒமக்குத் தெரியும். எட்டயபுரத்துப் பக்கம், நல்ல குடும்பம். மருமவ ரூம்பச் சாத்திக்கிட்டு ராவும் பகலும் பேச்சு. புருஷன்கூடப் பேசுதான்னுதான் நெனச்சாவ. ஒருநா பாத்தா, ரூம்பு இருக்கு, அவ இல்ல. எங்க வீட்டுப் புள்ளய நான் தப்பாச் சொல்லல. நாலு பேருக்கு முன்னால பேசக்கூடிய பேச்சுத்தானே புருஷனும் பொஞ்சாதியும் பேசுவாவ? வைக்கோப் படப்படியில நின்னு பேசட்டும். நல்லா எடுக்குது. நானே நடந்து பாத்துட்டேன்."

"சாமத்துலயும் சிரிப்பாணி பாய்" என்றாள் பார்வதியம்மாள். "அந்த ரூம்புல சிரிச்சா எங்க கட்டில் ஆடுது."

அன்று காலையில் தான் அடுப்படியிலிருந்து எடுத்துக்கொடுத்த யோசனைகள் எல்லாம் காவியாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ரூம்பில் எடுக்காது என்று சொன்னது, மச்சிலும் எடுக்காது என்று சொன்னது. நீலப் போனின்மேலேயே இருந்த விரலை எடுத்துக்கொண்டாள்.

"மாமா சொல்லுததையே போடுங்க" என்றாள்.

வீட்டில் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் படப்படியில் பேச்சு நடந்தது. பாண்டிராஜ் எண்ணெய்ச் சட்டியை விட்டு எழுந்து, கை கழுவி, மாடிப்படியில் வந்து உட்கார்ந்து கூப்பிடுவான். இங்கே காவியா படப்பில் சாய்ந்து நிற்பாள். எதிரே கட்டிலில் வேல்சாமி சாக்குத் தைப்பார். ஊசி சாக்குக்குள் போய் வருகிற சத்தம் போனுக்கும் கேட்கும்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"சாப்ட்டேன். அங்க மழ உண்டா?"

"பனிதான்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

தோழிகளோடு பேசுவது நின்றுபோனது. அம்மாவோடு பேசுவதும் குறைந்தது. ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கிற அந்த அம்மாளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, குரலை வைத்துத்தான் மகளைத் தெரிந்துகொள்வாள். "ஏட்டி, ஏன் வாத்தியார்ட்ட பேசுத மாரிப் பேசுத?" என்று கேட்டாள். "காத்துமா, காத்து அடிக்கு" என்றாள் காவியா. ஒருநாள் பேசிக்கொண்டே நைசாக வேலிப்படல் பக்கம் நகர்ந்தாள். ரெண்டு எட்டுத்தான். பேச்சு அறுந்துபோனது. கட்டிலிலிருந்து வேல்சாமி, "அங்கிட்டு எடுக்காதுத்தா" என்றார், அக்கறையாகவே.

தை பிறந்தபோது அவளுக்கு நாள் தள்ளியிருந்தது உறுதியாயிற்று. பார்வதியம்மாளின் நடையே மாறியது. பாசி பறிக்க வந்த பெண்கள் எல்லோரிடமும் சொன்னாள். மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி உச்சிப்பொழுதில் காட்டுப் பக்கம் வரக்கூடாது, காத்து கருப்பு அடிக்கும் என்று சொல்லிக் கஞ்சி கொண்டுவருகிற வேலையையும் நிறுத்தினாள். காவியா வீட்டோடு இருந்தாள். மேட்டுக் காட்டில் முழுக்கோடுகளும் நிற்கிற அந்தப் போனும் வீட்டோடு இருந்தது.

அறுப்பு நெருக்கம். கரிசல் பாளம் பாளமாக வெடித்து, பாசி நெற்று கறுத்து, ஒரு வெயில் கூடினால் காட்டிலேயே தெறித்துவிடும் பக்குவம். ஆள் கிடைக்கவில்லை. வேல்சாமியும் பார்வதியம்மாளும் விடியுமுன் போய் இருட்டித் திரும்பினார்கள். அடிவயிற்றில் பிடித்து இழுக்கிறது என்று காவியா ஒருநாள் சொன்னதற்குப் பார்வதியம்மாள் மறுநாள் காட்டில் நடித்தே காட்டினாள். "எம் மருமவளுக்குத் தும்முனாலும் வலிக்கி. நான் பாண்டிய வயித்துல வச்சுக்கிட்டுப் பருத்தி எடுத்தவ. வரப்புல ஒக்காந்து வாந்தி எடுத்துட்டு, மறுபடியும் நெரை புடிச்சேன்." பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தெருவழியாகக் காவியாவிடமும் வந்து சேர்ந்தது.

அந்த வாரத்தில்தான் துணியில் கறை கண்டாள்.

கொஞ்சம்தான். இது சில பேருக்கு உண்டு என்று எங்கோ படித்திருந்தாள். எதில் படித்தோம் என்று தேடிப்பார்க்க டச் போன் இல்லை. அம்மாவிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாள். அன்று மதியம் வேல்சாமி சாக்கு எடுக்க வந்தவர் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார். காவியா படப்படிக்கு வந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, அம்மாவைக் கூப்பிட்டாள்.

"யம்மா."

"சொல்லுட்டி. ஒடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு. யம்மா... நீ என்னைய வயித்துல வச்சிருந்தப்போ..."

பின்னால் கட்டில் கயிறு முனகியது.

"வச்சிருந்தப்போ என்ன? சத்தமாச் சொல்லு, கேக்கல."

"மாங்கா திம்பியான்னு கேட்டேன்."

"இத கேக்கவா இந்நேரம் கூப்புட்ட? குரலு ஏன் ஒருமாரி இருக்கு?"

"காத்துமா."

சாயங்காலம் அறைக்குள் உட்கார்ந்து பட்டனைத் தட்டித் தட்டிப் புருஷனுக்கு ஒரு மெசேஜ் எழுதினாள். 'தனியா பேசணும். அவசரம்.' அதைப் படப்படிக்குக் கொண்டுவந்து அனுப்பிவிட்டு உள்ளே போனாள். பாண்டிராஜ் பார்த்ததும் கூப்பிட்டான். அவள் அறையில் இருந்ததால் கிடைக்கவில்லை. பயந்துபோய் அப்பாவின் மில்லு டவர் போனுக்குக் கூப்பிட்டான்.

வேல்சாமி போனைக் கையில் பிடித்தபடி நடுவீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டார். மாரிச்சாமி இருந்தார், களத்துக்கு டிராக்டர் கேட்டு வந்திருந்த இன்னொருவரும் இருந்தார், பார்வதியம்மாளும் இருந்தாள்.

"என்னத்தா, பாண்டிகிட்ட என்னமோ தனியாப் பேசணுமாம்லா? அவசரமாமே? லைன்ல இருக்கான், இந்தா, பேசு."

போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். "ஹலோ, காவியா? என்ன? என்னாச்சு?" என்று வீடு முழுக்கக் கேட்டது.

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லங்க. பொங்கலுக்கு வரலியேன்னு... அதத்தான்."

மாரிச்சாமி சிரித்துவிட்டார். "புதுப் பொண்ண ஏங்க வைக்காதடே பாண்டி, ஓடி வந்துரு!" எல்லோரும் சிரித்தார்கள். பார்வதியம்மாள் மட்டும், "இதுக்கு ஒரு அவசரமா? ஊரச் சிரிக்க வைக்கா" என்று சொல்லிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு பயறு புடைக்கப் போனாள்.

அதன்பிறகு காவியா யாரையும் கூப்பிடவில்லை. கறை நின்று நின்று வந்தது. துணியைத் தானே அலசி, மச்சில் பழைய சேலைக்கு அடியில் உலர்த்தினாள்.

பாசிச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிய அன்று வானம் மூடிக்கொண்டது. போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துவிட்டுப் போனால் நெற்று உடையும், கூலி இல்லாத அடிப்பு. வேல்சாமி கவைக் கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். தைக் கடைசியில் மழை பெய்தால் போட்டது அத்தனையும் முளைத்துப்போகும். தார்ப்பாய் எடுத்துவரப் பார்வதியம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

அறையின் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் காவியா ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கை கொல்லைப் பக்கம் நீண்டு, அதில் போன் இருந்தது. சேலை ரத்தத்தில் நனைந்திருந்தது. படப்படிக்குப் போகத்தான் எழுந்திருக்கிறாள், படி தாண்ட முடியவில்லை.

"அய்யோ, ஏட்டி! தாயே, மாரியம்மா!" பார்வதியம்மாள் அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி, புருஷன் பெயர் வருகிறவரை பட்டனை அமுக்கிக் காதில் வைத்தாள். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினாள். உலுக்கினாள். அந்த அறையில் நின்று அந்தப் போனில் பேசப் பார்த்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பிறகு போனைத் தரையில் எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடிக் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காவியாவின் கையைப் பிடித்தபடி கேட்டாள், எப்போதிருந்து என்று. காவியா சொன்னாள்.

"இவ்வளவு நாளா? யார்ட்டயும் சொல்லலையா?"

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல டாக்டரம்மா!" என்று பார்வதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லியிருந்தா தூக்கிக்கிட்டு வந்திருப்பமே!"

"முன்னாடியே வந்திருந்தா புள்ளயக் காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?" வேல்சாமி கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"நிச்சயமாச் சொல்ல முடியாது. முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம்."

ஒட்டப்பிடாரத்திலிருந்து வந்த அம்மாள் சண்டை போடவில்லை. மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, "அன்னைக்கு மாங்காயா கேட்ட நீ? மாங்காயா கேட்ட?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காவியா வீடு திரும்பிய பிறகு, ஒருநாள் வேல்சாமி தனியாகக் கோவில்பட்டிக்குப் போனார். ஹிதாயத்துல்லாவுக்குச் செய்தி தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் ஸ்டூலைப் போட்டார்.

"அந்த நம்பர மறுபடி மில்லு டவருக்கே மாத்தும் பாய்."

"ஒரு தடவ மாத்துனா மூணு மாசம் பொறுக்கணும் அண்ணாச்சி. அதுக்கு முன்னால விடமாட்டான்."

"மூணு மாசமா?"

"அதுதான் சட்டம். புது நம்பருன்னா இப்பவே தாரேன்."

வேல்சாமி மடியிலிருந்த பணத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்து, "புதுசே குடும். டச் போனும் ஒண்ணு குடும்" என்றார். அன்றைக்குப் போலவே மூன்று போன்கள் வரிசையாக வந்தன.

"எந்தக் கலரு?"

மருமகளின் விரல் எதன்மேல் இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். அவர் அன்று அதைப் பார்த்திருக்கவில்லை.

"நீரே ஒண்ணு எடும்" என்றார்.

ஹிதாயத்துல்லா நடுவில் இருந்த நீலத்தை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அதை அவளுடைய அறை ஜன்னலில் வைத்தார். "பாண்டிகிட்ட நம்பரு சொல்லிட்டேன். இது ரூம்புக்குள்ளயே எடுக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கொல்லைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். நனைந்த பாசி பாதி முளைத்துப்போய், மிச்சம் கறுத்து, சுளகில் கிடந்தது. சொத்தையைப் பொறுக்க ஆரம்பித்தார்.

பொழுது சாயும்போது அறைக்குள் போன் அடித்தது. தெளிவாக, பலமாக அடித்தது. வேல்சாமி காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தே இருந்தார்.

காவியா போனோடு வெளியே வந்தாள். மெதுவாக, சுவரைப் பிடித்துப் பிடித்து, படி இறங்கி, படப்படிக்கு வந்தாள். வழக்கமான இடத்தில் படப்பில் சாய்ந்து நின்றாள். இந்தத் தடவை அவருக்கு முதுகைக் காட்டவில்லை. எதிரே பார்த்து நின்றாள்.

"சொல்லுங்க."

பாண்டிராஜ் ஏதோ கேட்டான். அழுகிற குரல் லேசாக வெளியே கேட்டது.

"ஏன் சொல்லலன்னா கேக்கீங்க? சொல்லுதேன், கேளுங்க. மொதல்ல கொஞ்சமாத்தான் வந்துச்சு. கறை மாரி. பெறவு கட்டி கட்டியா வந்துச்சு. துணி மாத்தி மாத்தி, மாத்துததுக்குத் துணி இல்லாமப் போச்சு."

வேல்சாமியின் கை சுளகில் நின்றுவிட்டது. அடுப்படி வாசலில் பார்வதியம்மாள் வந்து நின்றாள். "ஏட்டி, பொம்பளப் பேச்ச மெதுவாப் பேசு" என்றாள், குரலே இல்லாமல்.

"கடைசி நாளு எப்படி வலிச்சுன்னு சொல்லவா? முதுகுத் தண்டுலருந்து ரெண்டு காலுக்கும் எறங்குச்சு. அப்போ ரூம்புலதான் கெடந்தேன். ஒங்களக் கூப்பிடப் போன அமுக்குதேன், அமுக்குதேன், ஒரு கோடுகூட இல்ல."

"காவியா" என்றார் வேல்சாமி. "உள்ள போயிப் பேசுத்தா. அது உள்ளயே எடுக்கும். நான் பாத்துத்தான் வாங்கிட்டு வந்தேன்."

போனில் பாண்டிராஜும் அதையே சொல்லியிருக்க வேண்டும்.

"இல்லங்க" என்றாள் காவியா, மாமனாரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்கனதான் நல்லா எடுக்குது."

அவள் மேலும் சொல்லிக்கொண்டே போனாள். ஒன்றையும் விடவில்லை. வேல்சாமி எழுந்து போகலாம். தெருவுக்கோ காட்டுக்கோ எங்கே வேண்டுமானாலும் போகலாம். சுளகை மடியில் வைத்தபடி அவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.